ஆசிரியர் கூற்றும் ஆணையாளர் கூற்றும்: லெனாட் வுல்ஃபின் சிறுகதை ஒன்றைப் பற்றிய ஆய்வு

ஒரு சிறுகதையில் வரும் பாத்திரத்தை அதன் ஆசிரியரோடு ஒன்றாக்கிக் காண்பது வாசகர்க்கு இயல்பாக எழும் விருப்பமாகும். ஆசிரியர் பின்னொரு காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி, கதையிற் கண்ட நிகழ்ச்சியொன்றைத் தம் அனுபவமாகவும் அதிற் குறித்துவிடுவாராயின், அவ்விருப்பம் முடிந்த முடிபாகவே ஆகிவிடுகின்றது. வகுப்பறையில் மாணவர் எழுதும் விடைகளிலும், திறனாய்வாளர் சிலரது கட்டுரைகளிலும் இதனைக் காணலாம். ஆசிரியரின் குறிப்பைக் கொண்டு பாத்திரத்தை விளக்குதல் பயனுடைய முயற்சியே. ஆயின், குறிப்பும் பாத்திரமும் ஒத்துச் செல்லும் இடங்களை மட்டும் எடுத்துக்காட்டி அமைவது அரைகுறையான ஆய்வாகும். அவை முரணும் இடங்களிலேதான் கதையின் உயிர் நிலைத்திருத்தல் கூடும்.

தமிழ் மரபு இவ்விடத்தில் நமக்கு நல்லதோர் எச்சரிக்கையைத் தருகின்றது. சங்கச் சான்றோர் அகப்பாடல்களைத் தம் கூற்றாகப் பாடினாரல்லர். தலைவன், தலைவி, தோழி, செவிலி ஆகியோரின் கூற்றாகவே பாடினர். இது யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று என்பதைத் துணிந்த பின்னரே உரையாசிரியர்கள் பொருள் காணப் புகுந்தனர். தொல்காப்பியரும் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டும் தழுவியதையே புலனெறி வழக்கமாகக் கொண்டார். உலகியலிற் கண்டது இலக்கியத்தினுட் புகும்போது வேறொன்றாகிவிடுகின்றது என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது. இத்தெளிவைத் துணையாகக் கொண்டு, நம் கண்டி மாநகரோடு தொடர்புடைய ஆங்கில எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

லெனாட் வுல்ஃப் 1880-ஆம் ஆண்டு பிறந்தவர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து திரினிற்றிக் கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து, 1904 டிசம்பரிற் கொழும்பை வந்தடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்கு. வொல்ற்றேயரின் நூற்றொகுதி தொண்ணூறும் நாய் ஒன்றும் அவருடைய உடைமைகளாக இலங்கைக்கு வந்தன. 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திலும், அங்கிருந்து வந்து ஓராண்டு கண்டியிலும், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் அவர் பணிபுரிந்தார். விடுமுறையிற் சென்றவர் 1912-இற் பதவி துறந்தார். அதே ஆண்டில் வேர்ஜினியாவை மணந்தார். 1913-இல் வெளிவந்த அவரது 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் நாவலைப் பலரும் அறிவர். 1921-இல் அவரும் துணைவியாரும் நடத்திய ஹோகார்த் அச்சகத்தின் வெளியீடாக வந்த மூன்று கீழைத்தேயக் கதைகள் அத்துணை அறியப்படவில்லை. அவற்றுள் ஒன்றுதான் 'முத்துக்களும் பன்றிகளும்' என்று நாம் தமிழிற் பெயரிடத்தக்க சிறுகதை. பன்றிகளின் முன் முத்துக்களை எறியாதிருக்குமாறு கூறும் மத்தேயுவின் நற்செய்தி வாசகத்தை நினைவூட்டும் தலைப்பு அது.

இங்கிலாந்திற் கடற்கரையோர விடுதியொன்றின் புகைபிடிக்கும் அறையிற் கதை தொடங்குகின்றது. கீழைத்தேயத்து மக்களை எவ்வாறு ஆள வேண்டும் என்பது பற்றி அங்கு உரையாடல் நிகழ்கின்றது. பேசுவோருள் ஒருவர் பங்குத் தரகர். மற்றொருவர் உயர்நிலைக் கிறித்தவக் குருவானவர். கீழைத்தேயத்தைக் காணாதவரிடத்திற் கருத்துக்கள் மிகுதியாக உள்ளன. மூலையில் அமைதியாக அமர்ந்திருந்த ஒருவர், இந்தியாவில் ஆணையாளராகப் பல்லாண்டு பணிபுரிந்தவர், தம்மிடம் கருத்துக்கள் இல்லை, நிகழ்ந்த உண்மைகளே உள்ளன என்னும் பொருள்படக் கூறித் தம் கதையைத் தொடங்குகின்றார்.

அவர் கூறுவது முத்துக்குளிப்பு முகாம் ஒன்றின் கதை. வெறுங்கடற்கரையிற் சில கிழமைகளுக்குள் ஒரு பட்டினமே எழுகின்றது. சுழியோடிகள் கொணரும் சிப்பிகளில் மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கு. எஞ்சிய ஒரு பங்கே உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்கு. சிப்பிகளைக் குவித்து அழுக விடுகின்றனர். ஈக்களும் துர்நாற்றமும் நிறைந்த அவ்வழுகலினின்றே முத்துப் பிறக்கின்றது. அங்கு ஆணையாளருக்கு உதவியாக வந்தவன் இருபத்துநான்கு வயதுடைய றொப்சன். தேர்விற் சித்தியெய்தி, நூல்களிலிருந்து பெற்ற கருத்துக்களுடன் வந்த இளைஞன். முத்து வாணிபத்தாற் செல்வம் சேர்க்க வந்த இன்னொரு வெள்ளையன் வைற். கிழக்கிலே நெடுங்காலம் அலைந்து, பல தொழில்களிலும் தோற்று, குடியால் அழிந்தவன்.

குடிவெறியாற் சித்தம் கலங்கிய வைற்றைக் கட்டிவைக்க நேர்கின்றது. கட்டுண்ட நிலையில் அவன் தான் கீழைத்தேயத்து மக்களுக்கு இழைத்த கொடுமைகளையெல்லாம் ஓலமிட்டுக் கூறுகின்றான். ஆளப்படும் மக்கள் சூழ நின்று கேட்கின்றனர். றொப்சனின் கருத்துக்கள் அனைத்தும் அவ்விரவிலே சிதறிப்போகின்றன. வைற் இறக்கின்றான். அதனையடுத்துக் கடலிலிருந்து வந்த தோணியிலே அராபியச் சுழியோடி ஒருவனின் உடல் கரைசேர்க்கப்படுகின்றது. உற்றவன் உடலருகே அமர்ந்திருக்க, மற்றொருவர் அமைதியான சொற்களால் அவனைத் தேற்றுகின்றார். எல்லாம் முடிந்தது என்னும் பொருள்படும் அராபியச் சொல் அங்கே ஒலிக்கின்றது. இரு மரணங்களையும் அருகருகே வைத்துவிட்டு ஆணையாளர் கதையை முடிக்கின்றார். கேட்டவர்களோ அதனை அசாதாரண நிகழ்ச்சியென ஒதுக்கிவிட்டு உறங்கச் செல்ல ஆயத்தமாகின்றனர்.

இக்கதை வெளிவந்து நாற்பது ஆண்டுகள் சென்றபின், 1961-இல், வுல்ஃப் தம் இலங்கை வாழ்க்கையை 'வளர்ச்சி' எனப் பொருள்படும் தலைப்புடைய தன்வரலாற்றுத் தொகுதியில் எழுதினார். 1906-இன் முற்பகுதியில் மன்னார்க் கரையிலுள்ள மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பிலே தாம் பணியாற்றியதை அதில் விரிவாகக் கூறுகின்றார். முகாமின் நாற்றமும் ஈக்களும் உறக்கமற்ற இரவுகளும் அங்கு உள்ளன. அராபியனின் உடல் கரைக்குக் கொணரப்பட்ட காட்சியும், தேற்றியவரின் சொற்களும், அந்த அராபியச் சொல்லுங்கூட அங்கு உள்ளன. இவற்றைக் கண்ட வாசகர், கதை கூறும் ஆணையாளர் வுல்ஃபேயென முடிவு செய்தால் அவரைக் குறைகூற இயலாது.

ஆயினும் அம்முடிபு நிலைக்குமா? முதலில் வயதை நோக்குக. மறிச்சுக்கட்டியில் நின்ற வுல்ஃப் பல்லாண்டு ஆண்ட ஆணையாளரல்லர். இலங்கைக்கு வந்து ஓராண்டே கடந்த, இருபத்தைந்து வயதுடைய இளம் உத்தியோகத்தர். கேம்பிறிட்ஜிலிருந்து வொல்ற்றேயரைச் சுமந்துவந்த அவ்விளைஞருக்குக் கதையில் நெருங்கிய உறவினன் யார்? ஆணையாளரன்று, றொப்சனே. தேர்விலே சித்தியெய்திய பெருமிதமும், எல்லாவற்றுக்கும் ஒரு கருத்தும், வாழ்க்கையை நேரிற் கண்டறியாத இளமையும் அவனுக்கு உரியவை. நாற்பது வயதிற் கதையை வெளியிட்ட வுல்ஃப், இருபத்தைந்து வயது வுல்ஃபை றொப்சனாக நிறுத்தி எள்ளுகின்றார் எனக் கொள்வதே பொருந்தும். அனுபவத்தை ஆணையாளருக்கும் இளமையை றொப்சனுக்கும் பிரித்துக் கொடுத்தார். ஒருவரது வாழ்க்கை இருவராகப் பிரிந்து நிற்கின்றது. மூன்றாமவனாகிய வைற்றுக்கும் அதிற் பங்குண்டா என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடை காணுமுன் நாம் கண்டிக்கு வரவேண்டும்.

கண்டியில் வுல்ஃப் அரசாங்க அதிபரின் அலுவலக உதவியாளராக இருந்தார். கச்சேரிப் பணிகளிடையே, 1908-இற் பிரான்சின் முன்னாட் பேரரசி இயூஜினிக்குத் தலதா மாளிகையின் புனித தந்தத்தைக் காட்டுவிக்கும் ஏற்பாடும் அவரைச் சார்ந்தது. அதே கைகளுக்கு வேறொரு பணியும் வாய்த்தது. போகம்பறைச் சிறைச்சாலையில் மரண தண்டனை நிறைவேற்றப்படும்போது அரசின் சார்பில் உடனிருந்து பார்ப்பதே அது. விடியற்பொழுதின் மலையழகும், அதன் நடுவே நிகழும் தூக்கும் அவர் நினைவை விட்டு என்றும் அகலவில்லை. அக்காட்சிகள் தம்முள் ஏற்படுத்திய அருவருப்பையும், மரண தண்டனையைத் தாம் வெறுப்பதையும் அவர் தன்வரலாற்றில் மறைக்காது எழுதினார். அச்சிறைச்சாலை 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு தன் பழைய பணியை முடித்துக்கொண்டது; கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். நகரின் நடுவே அம்மதிலைக் கடந்துசெல்வோருள் இக்குறிப்பை அறிந்தோர் சிலரே.

இக்குறிப்பை ஆணையாளர் பாத்திரத்தோடு இணைத்து நோக்கின் புதியதொரு பொருள் தோன்றுகின்றது. ஆணையாளரும் பார்த்து நிற்பவரே. வைற்றைக் கட்டுவிப்பதும், அவன் இறப்பைப் பார்ப்பதும், மறுநாட் பணியைத் தொடர்வதும் அவர் கடமை. அவர் குரலில் நடுக்கமில்லை. உண்மைகளை அடுக்கிக் கூறுகின்றார். மேலோட்டமாக வாசிப்பவர் இதனை அனுபவத்தின் முதிர்ச்சியெனக் கொள்வர். போகம்பறைக் குறிப்பை அறிந்தவர் அவ்வாறு அமைய இயலாது. அதே பணியிலிருந்த உண்மையான மனிதரின் உள்ளம் கலங்கியது. கதையின் மனிதர் கலங்காதவராகத் தோற்றுகின்றார். எனவே அவ்வமைதி ஆசிரியரின் அமைதியன்று. ஆசிரியர் பாத்திரத்துக்கு அணிவித்த உத்தியோக உடை. வெறும் உண்மைகளைக் கூறுகின்றேன் என்பதும் ஒரு கருத்தே என்பதை ஆணையாளர் அறிந்திலர். ஆசிரியர் அறிவார்.

இனி வைற்றைப் பற்றிய வினாவுக்கு வருவோம். இதற்குத் துணையாவது யாழ்ப்பாணத்து நிகழ்ச்சி பற்றிய குறிப்பாகும். வுல்ஃப் ஒருநாள் யாழ்ப்பாணப் பெருந்தெருவிற் குதிரைமீதிருந்தபடி, தெருவினுட் புகுந்து கட்டப்பட்டிருந்த விறாந்தையொன்றை அரசாங்க அதிபருக்குத் தம் சவுக்காற் சுட்டிக்காட்டினார். அவ்வேளை அவ்வழியே வந்த வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் அவர் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் தேசாதிபதிக்கு முறைப்பாடு அனுப்பியது. அடிக்கவில்லை என்பது வுல்ஃபின் உறுதியான கூற்று. ஆயின் அத்துடன் அவர் நிறுத்தினாரல்லர். அடித்ததாக எண்ணியது தவறாயினும், அவர்களது ஊரின் தெருவிலே தாம் செருக்குடன் குதிரைமீது அமர்ந்திருந்ததே முகத்தில் அறைவதற்கு ஒப்பானது என்று அவர்கள் உணர்ந்தது சரியாகலாம் எனத் தமக்கு ஐயம் பிறந்ததாக எழுதுகின்றார். ஆள்வோன் என்ற நிலைமீது தமக்கெழுந்த முதல் உறுத்தலாக அதனை அவர் குறிக்கின்றார்.

இக்குறிப்பின் ஆழத்தை நாம் நன்கு உணர வேண்டும். செயலால் வரும் குற்றம் ஒன்று. இருக்கையால் வரும் குற்றம் மற்றொன்று. வைற் முதல்வகைக் குற்றவாளி. அவன் கொடுமை செய்தான், செய்ததைக் கூவிச் செத்தான். ஆணையாளர் கொடுமை ஏதும் செய்ததாகக் கதை கூறவில்லை. அவர் கடமையுணர்வுடையவர், நேர்மையானவர். ஆயின் சிப்பிக் குவியலில் மூன்றில் இரு பங்கை எடுக்கும் இருக்கை அவருடையது. மூழ்கி இறந்த அராபியன் எந்த அமைப்புக்காக மூழ்கினானோ, அந்த அமைப்பின் தலையில் அவர் அமர்ந்திருந்தார். இறந்தவனது பெருமையை வியக்கும் அவர், அவ்விறப்பிலே தம் பங்கு யாதென ஒருபோதும் வினவுகின்றிலர். வைற்றைப் பன்றியெனக் காட்டுதல் எளிது. விடுதியறையிற் கருத்துரைப்போரை அவ்வாறு காட்டுதலும் எளிது. தலைப்பிலுள்ள பன்றிகள் என்னும் பன்மை, கதை கூறுபவரின் இருக்கையையும் தொடுகின்றதா? குதிரைமீதிருந்த தம்மையே பின்னர் ஐயுற்ற ஒருவர் எழுதிய கதையில் ஆம் என்று விடை கூறுவது மிகையாகாது. ஆணையாளர் குதிரையினின்று இறங்கி விடுதியின் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார், அவ்வளவே வேறுபாடு.

போலந்தியக் குடும்பத்திற் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ஜோசப் கொன்றாட்டின் 'இருளின் இதயம்' 1899-இல் முதன்முதலாக வெளிவந்தது. அங்கும் ஒருவர் கதை கூற, மற்றையோர் கேட்டிருக்கின்றனர். அங்கும் நெறிபிறழ்ந்த வெள்ளையன் ஒருவன் இறக்கின்றான். அக்கதையில் மார்லோ தான் கண்டவற்றாற் கலங்கியவன். அக்கலக்கமே அவன் குரல். வுல்ஃபின் ஆணையாளரோ கலங்காதவர். இவ்வேறுபாட்டைக் குறைபாடென்று சிலர் கருதலாம். முன்பு காட்டிய குறிப்புக்களின் ஒளியிலே நோக்கினால், அது வேண்டுமென்றே விடப்பட்ட வெற்றிடம் என்பது புலனாகும்.

இன்னுமொரு வெற்றிடம் உண்டு. அது நம்மை நேரே தொடுவது. வுல்ஃப் ஏறத்தாழ ஏழாண்டு தமிழரிடையேயும் சிங்களவரிடையேயும் வாழ்ந்தவர். இம்மக்களின் மொழிகளைக் கற்றவர். ஆயினும் இக்கதையிற் கண்ணியத்தின் உருவாக நிற்பவன் வளைகுடாவிலிருந்து வந்த அராபியனே. தமிழர் கூட்டத்திலே கலந்து நிற்கின்றனர்; தனித்தெழுந்து பேசும் தமிழர் எவரையும் காணோம். இதற்கான காரணத்தையும் தன்வரலாற்றுக் குறிப்பிலே தேடலாம். அராபியர் தம்மைச் சக மனிதனாக நடத்தினர் என்று வுல்ஃப் வியந்து எழுதுகின்றார். அவர்கள் பருவகாலத்துக்கு வந்து மீள்பவர்கள். அவரது ஆட்சிக்கு அஞ்சி வாழ வேண்டியவர்கள் அல்லர். ஆள்வோன் தான் ஆளாதவனிடத்திலே கண்ணியத்தை எளிதிற் கண்டுகொள்கின்றான். தன் ஆட்சிக்கு உட்பட்டவனைத் திரளாகவே காண்கின்றான். இது ஆணையாளரின் குருட்டுத்தன்மை மட்டுமன்று. இளம் வுல்ஃபின் குருட்டுத்தன்மையுமாகும். கதையிற் பேசாத தமிழர் எங்கே பேசினார்? தேசாதிபதிக்கு அனுப்பிய முறைப்பாட்டிலே பேசினார். அம்முறைப்பாட்டை ஆசிரியர் ஐம்பத்தைந்து ஆண்டுகளாக உள்ளத்திற் சுமந்து, முதுமையில் அதற்குத் தலைவணங்கினார். கதை விட்ட குறையைக் குறிப்பு நிறைவு செய்கின்றது எனலாம்.

தமிழரைத் தனித்தனி மனிதராகக் காணும் ஆற்றல் வுல்ஃபுக்கு இல்லாமலில்லை. அத்தொகுதியின் மற்றொரு கதையான 'இரு பிராமணர்' யாழ்ப்பாணத்தையே களமாகக் கொண்டது. வலைவீசி மீன்பிடிக்கும் ஆசைக்கு ஆட்பட்ட செல்லையாவும், கூலி கொடுக்க மனமின்றித் தன் தலையிலே மண் சுமந்து கிணறு தோண்டிய சிற்றம்பலமும் அதில் உயிருடன் நடமாடுகின்றனர். அக்கதையில் வெள்ளையர் ஒருவரும் இலர். ஆள்வோன் கதையினின்று விலகியவுடனே தமிழர் பெயருடன் எழுகின்றனர்! இவ்விரு கதைகளையும் ஒருங்கே கற்பிப்பின் மாணவர் பெரும் பயன் பெறுவர்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். 1961-இல் எண்பது வயதில், பேரரசு மறைந்து, இலங்கை 1948-இற் சுதந்திரம் பெற்ற பின்னர் எழுதிய குறிப்பைக் கொண்டு 1921-இல் வெளிவந்த கதைக்குப் பொருள் கூறுவது முறையா? முதியவரின் மனச்சான்றை இளைஞரின் மீது ஏற்றுதலாகாதா? இத்தடை வலிமையுடையது. 1989-இற் தொகுத்து வெளியிடப்பட்ட அவரது கடிதங்கள் இதனை மேலும் வலுப்படுத்துகின்றன. இலங்கையிலிருந்து நண்பருக்கு எழுதிய மடல்களிற் சலிப்பும் வெறுப்பும் ஏளனமும் மிகுதி. தாம் இங்கு வந்தபோது தம்மை அறியாமலே பேரரசுவாதியாக இருந்தவர் என்பதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஆயினும் நாம் குறிப்பைக் கொண்டு கதைக்குத் தீர்ப்பு எழுதவில்லை. கதையில் ஏற்கெனவே உள்ள இடைவெளிகளைக் காண்பதற்கே அதனைத் துணைக்கொண்டோம். மேலும், கதை வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், 1920-இல், ஆபிரிக்காவிற் பேரரசும் வாணிபமும் பற்றி ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தைக் கண்டிக்கும் பெருநூலொன்றை அவர் வெளியிட்டிருந்தார். ஏகாதிபத்தியத்துக்கு எதிரான வாதங்கள் அவர் கையில் ஆயத்தமாக இருந்தன. அவற்றுள் ஒன்றைத்தானும் ஆணையாளரின் வாயில் அவர் வைக்கவில்லை. கட்டுரையிற் கூறவேண்டியதைக் கட்டுரையிற் கூறி, கதையிற் பாத்திரத்தை அவன் அறிந்த அளவிலேயே பேசவிட்டார். கருத்துக்களை எள்ளும் கதையிலே தம் கருத்தைப் புகுத்தாத இவ்வடக்கமே அவரது கலைநேர்மைக்குச் சான்று.

1960-இல் வுல்ஃப் மீண்டும் இலங்கைக்கு வந்தார். தாம் ஆண்ட மக்கள் தம்மை அன்புடன் வரவேற்றதைக் கண்டு நெகிழ்ந்தார். அவ்வேளை, அம்பாந்தோட்டையிற் பண்டொருகால் அவருக்குக் கீழே கடமையாற்றிய முதிய தலைமையுத்தியோகத்தர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். கால்நடைக் கொள்ளைநோய்க் காலத்திலே வுல்ஃப் தமக்கு விதித்த தண்டத்தை நினைவூட்டி, அது நீதிதானா என்று வினவினார். அரை நூற்றாண்டு கழிந்தும் ஆறாத வினா அது. 1969-இல் வெளிவந்த தன்வரலாற்றின் இறுதித் தொகுதியில் வுல்ஃப் இதனையும் மறைக்காது எழுதினார். கதையின் ஆணையாளரை நோக்கி இத்தகைய வினாவை எழுப்ப அந்த விடுதியறையில் ஒருவரும் இருக்கவில்லை. அதனாலேயே அவரால் அமைதியாகக் கதைகூற முடிந்தது. ஆசிரியரை நோக்கி ஒருவர் நேரில் வந்து வினவினார். ஆசிரியருக்கும் ஆணையாளருக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

ஆசிரியரின் குறிப்பு ஒரு விளக்குப் போன்றது. அதனைக் கதையின் முன் ஏந்தினால் ஒளியும் விழும், நிழலும் விழும். ஒளி விழுந்த இடத்தை மட்டும் நோக்கி இவரே அவர் என்று கூறி அமைபவர், விளக்கின் பயனிற் பாதியையே பெறுகின்றனர். நிழல் எங்கு விழுகின்றது, ஏன் விழுகின்றது என்பதை நோக்குவதே திறனாய்வின் கடமையாகும். வுல்ஃபின் கதையில் அந்நிழல் விழும் இடத்தில் நிற்பவர்கள் நம் முன்னோர். ஆதலின் அக்கதையைப் பிறர் எழுதிய உரைகொண்டு மட்டும் வாசியாது, நாமே நேரிற் கற்று, நம் உரையை நாமே காண்பது தகும்.